தாய்லாந்துக்கு அம்மாவையும் அழைத்துப் போகும்போது

கேள்வி: "டிசம்பர் நடுவில் பத்து நாள் தாய்லாந்து போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகன், அறுபத்திரண்டு வயது அம்மா. அம்மா சுத்த சைவம். வெளிநாடு போவது இதுதான் முதல் முறை. அந்த ஊர் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?"

பாங்காக்கில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நால்வரில் தாய்லாந்தின் பழக்கவழக்கங்கள் எளிதில் கைவரப் போவது அம்மாவுக்குத்தான். செருப்பை வாசலில் விடுவது, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுவது, பெரியவர்கள் முன்னால் காலை நீட்டாமல் உட்காருவது, காசு காலில் பட்டால் பதறுவது, வலது கையால் கொடுப்பது எல்லாம் அவர் வீட்டிலேயே கற்றவை. அங்கேயும் அவைதான் மரியாதை. சிக்கல் வருவது வேறிடத்தில். நம் வழக்கத்தைப் போலவே தோன்றி, உள்ளே வேறாக இருக்கும் சில விஷயங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

அங்கே மரியாதை பெரும்பாலும் உயரத்தில் இருக்கிறது. தலை உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது. எவர் தலையையும் தொடக் கூடாது. அழகான குழந்தை என்று கன்னத்தையோ தலையையோ தடவி திருஷ்டி கழிக்கும் நம் பழக்கத்தை அம்மா கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். காலை ஆள் இருக்கும் பக்கம் நீட்டுவது, காலால் ஒரு பொருளைத் தள்ளுவது, கதவைக் காலால் சாத்துவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு அதிகமாக உறுத்தும். கால் மேல் கால் போட்டு உட்காரும்போது பாதம் எதிரில் இருப்பவரைப் பார்த்து நிற்கும்; உங்கள் கணவர் இதைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடந்து போக நேர்ந்தால் தாய்லாந்துக்காரர்கள் முதுகைச் சற்று வளைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். அதை ஒரே ஒரு முறை நீங்கள் செய்து பாருங்கள். மொழி தெரியாத வீட்டிலும் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

கை கூப்புவதற்கு அங்கே 'வாய்' என்று பெயர். பார்க்க நம் வணக்கம் போலவே இருக்கும். ஆனால் நாம் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கும்பிடுகிறோம். அவர்களுக்கு அதில் படிநிலை உண்டு. இளையவர் முதலில் கும்பிட வேண்டும், மூத்தவர் பதிலுக்குக் கும்பிடுவார். சமவயதினருக்குக் கட்டைவிரல் மோவாய்க்கு நேராக, பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மூக்கு நுனிக்கு நேராக, பிக்குகளுக்கும் புத்தருக்கும் புருவ நடுவுக்கு நேராக வரும். பிக்கு பதிலுக்குக் கும்பிட மாட்டார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைச் சிப்பந்தியோ ஓட்டல் ஊழியரோ கும்பிட்டால் புன்னகையோடு தலையசைத்தால் போதும். குழந்தைகளுக்கு நீங்களாக முந்திக்கொண்டு கும்பிடக் கூடாது. அவர்கள் கும்பிட்டால் சிரித்துத் தலையசையுங்கள். அம்மா எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வயதில் மூத்தவர் கும்பிடுகிறாரே என்று எதிரில் இருப்பவர் இன்னும் குனிவார், அவ்வளவுதான்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: குரல். நாம் உரத்துப் பேசும் சமூகம். அன்பாகப் பேசினாலும் நம் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். அங்கே உரத்த குரல் என்றால் கோபம். கோபம் என்றால் மானக்கேடு, அதுவும் கோபப்பட்டவருக்கு. 'ஜாய் யென்' என்றால் குளிர்ந்த மனம், 'ஜாய் ரோன்' என்றால் சூடான மனம். சூடான மனம் உள்ளவரை அவர்கள் வளராத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நான் போன முதல் வருடம் ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் தள்ளிக்கொண்டே போனது. மூன்றாம் முறை போனபோது குரலை உயர்த்திப் பேசினேன். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு என் காகிதத்தை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார். அந்தச் சிரிப்பு நட்பின் சிரிப்பு இல்லை, கதவைச் சாத்தும் சிரிப்பு என்று எனக்குப் புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின. ஓட்டலில் அறை சரியில்லை, டாக்ஸிக்காரர் சுற்றிப் போனார், உணவில் மீன் வாடை வருகிறது என்று எது நடந்தாலும் மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு, 'கொஞ்சம் உதவ முடியுமா' என்று தொடங்குங்கள். அங்கே வேலை நடப்பது அப்படித்தான். ரயிலில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஊரில் இருக்கும் உறவினரோடு பேசுவதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். பாங்காக்கின் மேம்பால ரயிலில் நூறு பேர் இருந்தாலும் பேச்சுச் சத்தம் கேட்காது. நம்மவர் குழு ஒன்று ஏறியதும் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

குரலோடு சேர்ந்தது 'க்ரேங் ஜாய்' என்ற இன்னொரு குணம். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாதே என்ற தயக்கம் அது. வழி கேட்டால் தெரியாது என்று சொல்லத் தயங்கி ஏதோ ஒரு திசையைக் காட்டுபவர்கள் உண்டு. ஆகவே 'இந்த வழிதானே?' என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். 'ரயில் நிலையம் எங்கே?' என்று கேளுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள்.

கூப்பிடும் முறை உங்களுக்கு இனிக்கும். மூத்தவரை 'பீ' என்பார்கள், இளையவரை 'நாங்'. நம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை போலத்தான். ஆண், பெண் பேதம் மட்டும் இல்லை. உணவகத்தில் பரிமாறும் இளம்பெண்ணை 'நாங்' என்று மெதுவாகக் கூப்பிடலாம். கையைச் சொடுக்குவதும் விரலை நீட்டிக் காட்டுவதும் ஆகாது. உள்ளங்கை தரையைப் பார்க்க விரல்களை அசைத்து அழையுங்கள். பெயர் தெரிந்தால் முன்னால் 'குன்' சேர்க்க வேண்டும். அது நம் 'திரு', 'திருமதி' இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஆண் 'க்ராப்' என்றும் பெண் 'கா' என்றும் சேர்ப்பார்கள். நம் 'ங்க' செய்யும் வேலையை அது செய்கிறது. ஆகவே நீங்களும் அம்மாவும் 'சவாத்தீ கா', 'கோப் குன் கா'; கணவரும் மகனும் 'சவாத்தீ க்ராப்', 'கோப் குன் க்ராப்'. வணக்கம், நன்றி. இந்த இரண்டு போதும், தாராளமாகச் செலவழியுங்கள்.

கோயில்களுக்கு வருகிறேன். பாங்காக்கின் பெரிய அரண்மனையையும் அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலையும் அரசர் முதலாம் ராமா 1782இல் கட்டத் தொடங்கினார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அம்மாவின் புடவைக்கு எந்தக் கேள்வியும் வராது. கையில்லாத மேல்சட்டை, அரைக்கால்சட்டை, கிழிசல் ஜீன்ஸ் என்றால் வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். காலை எட்டரைக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் அம்மாவைச் சோர்த்துவிடும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட் (பாட் என்பது அவர்கள் நாணயம்). மரகத புத்தர் சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை அந்தச் சிலைக்கு ஆடை மாற்றப்படுகிறது, மாற்றுபவர் அரசர். நம் கோயில்களின் அலங்காரங்களைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அந்தக் கோயிலின் சுற்றுப் பிராகாரச் சுவர் முழுவதும் ராமாயணம் ஓவியமாக இருக்கிறது, 178 பகுதிகளாக. அவர்கள் அதை 'ராமகீயன்' என்கிறார்கள். ராவணனுக்கு அங்கே 'தோட்சகன்' என்று பெயர், தசகண்டன் என்பதன் திரிபு. ஒன்றை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அவர்களுடைய அனுமன் பிரம்மச்சாரி இல்லை. கடலில் பாலம் கட்டும்போது தடுக்க வரும் மீன்கன்னியைக் காதலித்து ஒரு பிள்ளையும் பெறுகிறான். வழிகாட்டி இதைச் சொல்லும்போது 'அப்படி இல்லை' என்று திருத்த வேண்டாம். அது அவர்கள் அரசர்கள் எழுதி வைத்த காவியம். அவர்கள் வளர்த்த அனுமன்.

சன்னிதிக்குள் உட்காரும்போது பாதம் புத்தரை நோக்காதபடி, கால்களைப் பின்பக்கம் மடக்கி ஒருபக்கமாக உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரமாக நின்றே வணங்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பிக்குகள் விஷயத்தில்தான் நம் உள்ளுணர்வு தவறாக வழிகாட்டும். வயதான துறவியைக் கண்டதும் காலைத் தொட்டு ஆசி வாங்க அம்மாவுக்குத் தோன்றலாம். கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கைப்பட எதையும் நேராகக் கொடுக்கவும் கூடாது. அவர் ஒரு துணியை விரிப்பார். அதில் வைக்க வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் பிக்குகளுக்கென்று இருக்கை உண்டு; பெண்கள் அவர்கள் பக்கத்தில் உட்காருவதில்லை. விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைப் பாத்திரத்தோடு வருவதைப் பார்க்க ஆசைப்பட்டால், எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். அது அவர்களுடைய அன்றைய உணவு, நமக்கான காட்சி இல்லை.

அரண்மனைக்குத் தெற்கே நடக்கும் தூரத்தில் வாட் போ கோயில் இருக்கிறது. அங்கே சயனக் கோலத்தில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் வரைந்திருக்கிறார்கள். சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாகக் காசு போட்டுக்கொண்டு வரலாம். என் அம்மா வந்திருந்தபோது அந்தக் காசுகள் விழும் ஒலியைக் கேட்டுக்கொண்டு அங்கேயே அரைமணி நேரம் நின்றார். அயுத்தயா போனால் (1350இல் உண்டாகி 1767இல் பர்மியர் படையெடுப்பில் அழிந்த தலைநகர், பெயர் நம் அயோத்திதான்), வாட் மஹாதாத் இடிபாடுகளில் ஒரு மரத்தின் வேர்கள் புத்தர் தலையைப் பின்னிப் பிடித்திருப்பதைக் காண்பீர்கள். அதனோடு படம் எடுத்துக்கொள்ளும்போது உங்கள் தலை புத்தரின் தலையைவிட உயரக் கூடாது. குந்தி உட்கார்ந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரச குடும்பத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேச்சே எடுக்காதீர்கள். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி அவதூறு என்று முடிவானால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. கைப்பேசியில் வந்த கேலிப் படத்தைப் பகிர்வதும் இதில் அடங்கும். பாட் நோட்டிலும் நாணயத்திலும் அரசர் உருவம் உண்டு. உருண்டோடும் காசைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது என்று மகனிடம் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

இப்போது சாப்பாடு. அம்மாவைப் பொறுத்தவரை பயணத்தின் வெற்றி இதில்தான் இருக்கிறது. 'சைவம்' என்று நாம் சொல்வது அங்கே தானாகப் புரியாது. கறித்துண்டு இல்லாவிட்டால் சைவம் என்றே பலர் நினைப்பார்கள். மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் 'நாம் ப்லா' என்ற சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. வெறும் கீரை வதக்கலிலும் சிப்பிச் சாறு இருக்கும். பப்பாளிக்காயைத் துருவி உரலில் இடித்துத் தரும் 'சோம் தாம்' பார்க்க நம் கோசுமல்லி போல இருக்கும். அதில் காய்ந்த இறாலும் மீன் சாறும் உண்டு. குழம்புகளின் அரைப்பில் 'கபி' என்ற இறால் விழுது சேரும்.

இதற்கு ஒரு சொல் மந்திரம் போல வேலை செய்யும்: 'ஜே'. சீன பௌத்த மரபிலிருந்து வந்த நோன்புணவு அது. மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், பார்வைக்கு 17 என்ற எண்ணைப் போல ஒரு குறி இருக்கும் கடைகளைத் தேடுங்கள். அது ஜே கடை. பொட்டலங்களிலும் அதே குறி இருக்கும். 'கின் ஜே கா' என்றால் 'நான் ஜே சாப்பிடுகிறவள்'. அந்த ஒரு வாக்கியத்தில் கடைக்காரருக்கு எல்லாம் புரிந்துவிடும். 'மங்சவிராட்' என்ற இன்னொரு சொல்லும் சைவத்தைக் குறிக்கும். ஆனால் அதில் முட்டை வரலாம். முட்டைக்கும் கோழிக்கும் உரிய சொற்கள் நம் காதுக்கு இரண்டும் 'கை' என்றே கேட்கும். தாய் மொழி தொனியிலும் மூச்சிலும் பொருள் மாறும் மொழி. ஆகவே 'மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது, முட்டை, மாமிசம் வேண்டாம்' என்று தாய் மொழியில் எழுதிய ஒரு சிறு அட்டையை ஓட்டல் வரவேற்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் அம்மா இரண்டு வாரமும் அந்த அட்டையைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார்.

ஜே கடைகள் காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் மூடிவிடுவது உண்டு. இரவுக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் சீலோம் பகுதி மாரியம்மன் கோயிலை ஒட்டித் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. பாஹுராத் பகுதியில் வட இந்திய சைவ உணவகங்கள் கிடைக்கும். அம்மாவுக்கு வெறும் சாதம் எங்கும் கிடைக்கும், 'காவ் ப்லாவ்' என்று கேளுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கையோடு எடுத்துப் போனால் தீவிலும் பசியிருக்க மாட்டார். தயிர் வாங்கும்போது கவனம், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தது. பழங்கள் தாராளம், கொய்யா, அன்னாசி, பம்ப்ளிமாஸ் எல்லாம் வண்டிகளில் நறுக்கித் தருவார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பனிக்கட்டி ஆலையில் செய்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நீங்கள் மூவரும் அசைவம் என்றால் சியாங் மாயின் 'காவ் சோய்' குழம்பையும் தெற்கின் மசமன் குழம்பையும் தவறவிடாதீர்கள். சாப்பிடும் முறை: கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குள் தள்ள வேண்டும். முள்கரண்டியை வாயில் வைப்பதில்லை. குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். வடகிழக்கின் ஒட்டரிசியைக் கையால்தான் உருட்டிச் சாப்பிடுகிறார்கள், அங்கே உங்கள் கை தாராளமாக இறங்கலாம். உணவுகளை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்வார்கள். ஒரே தடவையில் தட்டை நிரப்பாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, பிறகு மீண்டும் எடுப்பது வழக்கம். காரத்துக்கு நாம் பழகியவர்கள் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அவர்களுடைய சிறு மிளகாய் வேறு ஜாதி. 'பெட் நிட் நோய்', கொஞ்சம் காரம், என்று தொடங்குங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் நல்ல தேர்வு. பாங்காக்கிலும் வடக்கிலும் மழை நின்று காற்று குளிர்ந்திருக்கும். சியாங் மாயில் அம்மாவுக்கு ஒரு சால்வை தேவைப்படும். கடற்கரை போவதென்றால் மேற்குப் பக்கம், அதாவது அந்தமான் கடலோரத்தில் இருக்கும் கிராபி அல்லது புக்கெட் போங்கள். கிழக்கே வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மிச்சம் இருக்கும். நம் கடலூர், நாகப்பட்டினக் கதைதான். கடற்பூங்காக்களில் பவளத்துக்குக் கேடு செய்யும் சில ரசாயனங்கள் கலந்த வெயில் பூச்சுகளை 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்கும் இறங்க வேண்டாம். யானைச் சவாரியைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். சும்மா நின்று பார்க்கவும் தீனி கொடுக்கவும் விடும் இடங்கள் உண்டு, மகனுக்கு அதுவே போதும்.

நுழைவு விஷயம் சுருக்கமாக. 2023 நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாத நுழைவைத் தொடங்கினார்கள். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது. இரண்டு முள் பொருந்தும். பால், ரொட்டி வாங்கும்போது தேதியில் 2569 என்று இருந்தால் மிரள வேண்டாம். பௌத்த ஆண்டு அது, 543 கழித்தால் 2026. அம்மாவின் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

பணத்தைச் சுவர்ணபூமி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் மாற்றாமல், அடித்தளத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் சிறு கவுண்ட்டர்களில் மாற்றுங்கள். விகிதம் நன்றாக இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரங்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், ஆகவே அடிக்கடி எடுக்காதீர்கள். நால்வரும் பெட்டிகளும் என்றால் விமான நிலையத்தில் தரைத்தளத்து இயந்திரத்தில் சீட்டு எடுத்து டாக்ஸி பிடியுங்கள். மீட்டருக்கு மேல் 50 பாட்டும் சுங்கச் சாவடிக் கட்டணமும் நீங்கள் தர வேண்டியது. அதில் ஏமாற்று இல்லை. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வண்டியில் எதையாவது மறந்தால் தேட உதவும்.

ஏமாற்று இருக்குமிடம் அரண்மனைச் சுவரோரம். நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது' என்று அக்கறையோடு சொல்வார். குறைந்த காசுக்கு டுக்-டுக் ஏற்பாடு செய்து வேறு கோயில் காட்டுவதாகச் சொல்வார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். அவர் பேச்சைக் கேட்காமல் வாயில் வரை நடந்து போய்ப் பாருங்கள், திறந்திருக்கும். வாடகை மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கை கழுவிவிடும். பிணையாகக் கடவுச்சீட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். மின்சிகரெட் அங்கே 2014 முதல் சட்டவிரோதம்; பையில் இருந்தாலே பிடிப்பார்கள். கஞ்சா கடைகள் கண்ணில் படலாம், அந்தப் பக்கமே போக வேண்டாம். 2025இல் கம்போடிய எல்லையில் இரு ராணுவங்களும் மோதின. அந்த எல்லை மாகாணங்களையும், தென்கோடியில் மலேசிய எல்லைப் பக்கம் இருக்கும் பத்தானி, யாலா, நராதிவாத் மூன்றையும் பயணத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆம்புலன்ஸ் 1669. இரண்டையும் நால்வரின் பையிலும் எழுதி வையுங்கள்.

உங்கள் பயணம் மார்கழியில் விழுகிறது. பாங்காக்கின் பழைய நகரத்தில் செந்நிறத்தில் வானளாவ நிற்கும் பெரிய ஊஞ்சல் ஒன்று உண்டு, 1784இல் முதலில் நிறுவியது. அதில் ஊஞ்சலாடும் விழா 1935இல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருக்கும் தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் அந்த விழாவின் சடங்குகளை இன்றும் நடத்துகிறார்கள். விழாவின் பெயர் 'த்ரியம்பவாய் – த்ரிபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை. ஓதுபவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெற்கே தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்து உறவின் மிச்சம் இந்தப் பெயரில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரண்மனை பார்த்த மறுநாள் காலை வெயிலுக்கு முன் அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். ஊஞ்சலைப் பார்த்ததும் அவர் ஒரு பாட்டு முணுமுணுப்பார் என்றே நினைக்கிறேன். சீலோம் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள்; தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. உள்ளூர் மக்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அந்தச் சொல்லால் குறிப்பது வழக்கம். தெருவில் காதில் விழுந்தால் உடனே வசவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகனைப் பற்றிக் கடைசியாக. ரயில் இருக்கையில் செருப்புக் காலோடு மண்டியிட்டு ஜன்னல் பார்க்கக் கூடாது என்பதை ஊரிலேயே சொல்லிப் பழக்குங்கள். கட்டடங்களின் முன் தூணின் மேல் பொம்மை வீடு போலச் சிறு மாடங்கள் இருக்கும். அவை நிலக்காவல் தெய்வத்தின் வீடு. அங்கே வைத்திருக்கும் சிவப்புக் குளிர்பானமும் சிறு யானை பொம்மைகளும் படையல், தொடக் கூடாது. இந்த இரண்டோடு, கை கூப்பித் தலை தாழ்த்தி 'சவாத்தீ க்ராப்' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். பெரியவர் யாரிடமாவது அவன் அதைச் சொன்னால் 'கெங் மாக்' என்று பதில் வரும். ரொம்பக் கெட்டிக்காரன் என்று பொருள். அநேகமாகக் கையில் ஒரு வாழைப்பழமும் வரும். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.